மட்டன் ஸ்ட்ரீட்டில் ஏழு சனிக்கிழமை: ஆன்டிக்கா, வின்டேஜா?

மும்பை செம்பூரில் புது வீட்டுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு பெட்ரூம், ஹால், கிச்சன், எல்லாம் சேர்த்து 430 சதுர அடி. முந்தைய வீட்டில் ஆன்லைனில் வாங்கிய அலமாரி இரண்டே மழைக்காலத்தில் அடிப்பக்கம் உப்பி, கதவு சாத்த முடியாமல் போய், கடைசியில் பழைய சாமான் எடுப்பவர்கூட வேண்டாம் என்றுவிட்டார். அதனால் இந்தத் தடவை கட்டில், மெத்தை தவிர எதையும் புதிதாக வாங்குவதில்லை என்று நானும் வீட்டுக்காரரும் முடிவு செய்தோம். மரச்சாமான், பாத்திரம், சுவரில் மாட்ட ஒரு படம், எனக்குப் புடவை, அவருக்கு ஒரு கைக்கடிகாரம், எல்லாமே பழசாகத் தேடுவது. கையில் 75,000 ரூபாய்.

அதற்காக ஏழு சனிக்கிழமை சோர் பஜார் (பழைய சாமான் சந்தை, அங்கே உள்ள தெருதான் மட்டன் ஸ்ட்ரீட்), மூன்று தடவை மரச்சாமான் கடைகள் இருக்கும் ஓஷிவாரா, மாட்டுங்காவில் தெரிந்தவர் வீடுகள் இரண்டு, ஆன்லைனில் எத்தனை கடை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. நேரமில்லாதவர்களுக்காக முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மும்பை ஃபிளாட்டுக்கும் சரி, உடுத்துகிற துணிக்கும் சரி, வின்டேஜ்தான். ஆன்டிக் என்று சொல்லி விற்கும் சாமானுக்கு நாம் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி கடைக்காரர் சொல்லும் கதைக்குத்தான் போகிறது. விதிவிலக்காக ஒரே ஒரு பொருள் எங்கள் வீட்டிலும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

வார்த்தை இரண்டையும் கடைகளில் இஷ்டத்துக்குக் கலந்து பேசுவார்கள். ஆன்டிக் என்றால் நூறு வருஷம் தாண்டியது. நம் சட்டமும், அதாவது 1972-இல் வந்த தொல்பொருள், கலைக் கருவூலங்கள் சட்டமும், குறைந்தது 100 ஆண்டு என்றுதான் சொல்கிறது, சுவடி, ஆவணம் மாதிரியானவற்றுக்கு மட்டும் 75. வின்டேஜுக்குச் சட்டம் எதுவும் இல்லை. வியாபாரத்தில் இருபது வருஷத்துக்கு மேல், நூறுக்குக் கீழ் என்று வைத்துக்கொள்கிறார்கள். நான் காலேஜ் போன காலத்துச் சட்டையெல்லாம் இப்போது வின்டேஜ் கணக்கில் வந்துவிட்டது.

சோர் பஜாருக்கு எங்களுக்கு வழி சுலபம். ஹார்பர் லைன் ரயிலில் ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி, டோங்கிரி வழியாக மேற்கே நடந்து முகமது அலி ரோட்டைத் தாண்டினால் பேண்டி பஜார், அதை ஒட்டியே மட்டன் ஸ்ட்ரீட். பெயரைப் பார்த்து எல்லாம் திருட்டுச் சாமான் என்று நினைக்கவேண்டாம். இரைச்சல் என்ற அர்த்தத்தில் ‘ஷோர் பஜார்’ என்றிருந்ததுதான் மருவியது என்று அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். வெள்ளிக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு விடுமுறை. அன்று அதிகாலையில் தெருவிலேயே தரையில் விரித்துப் போட்டு விற்கும் சந்தை வேறு, அது வேறு கூட்டம், வேறு சாமான்.

தெருவுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கிராமபோன்தான். பித்தளைக் குழாய் வெயிலில் தகதக என்று மின்னும், பெட்டியில் எச்.எம்.வி. நாய் உட்கார்ந்திருக்கும். வாங்கிவிடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை, எங்கிருந்தோ கழற்றிய பழைய மோட்டாரைப் புதுப் பெட்டியில் வைத்து, புதுக் குழாய் மாட்டி, நாயை ஒட்டித் தயாரித்தவை. கிராமபோன் சேகரிப்பவர்களிடம் இந்த மும்பைத் தயாரிப்புக்கு நல்ல பெயர் கிடையாது. அடுத்த கடையில் ஒரு கோத்ரெஜ் டைப்ரைட்டரைக் காட்டி, “புரா ஆன்டிக் பீஸ்” என்றார்கள். கோத்ரெஜ் டைப்ரைட்டர் வெளிவர ஆரம்பித்ததே 1955-இல். நல்ல மெஷின், ரிப்பன் போட்டால் இன்னும் அடிக்கும், அதை அதற்குரிய வயதோடு விற்றால் நானே வாங்கியிருப்பேன்.

மூன்றாவது சனிக்கிழமைதான் எனக்கு இந்தத் தெரு பிடிபட்டது. ஒரு சின்னக் கடை, வாசலில் கப்பல் விளக்குகள் தொங்குகின்றன, கீழே ஒரு சாக்கின் மேல் பித்தளைச் சாமான் குவியல். அதில் மூடி இல்லாத ஒரு தூக்கு. நம் வீடுகளில் பால் வாங்க, குழம்பு கொடுத்தனுப்ப வைத்திருப்போமே, அதே தூக்கு, கைப்பிடி உருண்டையாக, அடி கொஞ்சம் நசுங்கி. கடைக்காரர் வயதானவர். “அங்க்ரேஜோன் கே ஜமானே கா ஹை பேட்டி, டேட் ஸௌ ஸால் புரானா” என்றார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான், நூற்றைம்பது வருஷம் பழசு. விலை 4,500.

கையில் எடுத்துத் திருப்பினேன். கழுத்துக்குக் கீழே கறுத்த இடத்தில் விரலுக்குச் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. துப்பட்டா நுனியால் அழுத்தித் துடைத்தேன். புள்ளி புள்ளியாகத் தமிழ். பாத்திரக் கடையில் சின்ன உளியால் டொக் டொக் என்று தட்டிப் பெயர் வெட்டித் தருவார்களே, அந்த எழுத்து. “க.மீ.க்கு அண்ணா அன்பளிப்பு 12-6-58”.

அந்த ‘ணா’வைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது நாம் ண எழுதிப் பக்கத்தில் துணைக்கால் போடுகிறோம். இது அப்படி இல்லை, ண-வின் கடைசிக் கோடு கீழே இறங்கிச் சுழித்து வளைகிற பழைய எழுத்து, 1978-இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் இருந்தது. என் பாட்டி கடிதங்களில் அப்படித்தான் எழுதுவார். யாரும் புதிதாக வெட்டி ஏமாற்றியிருக்க முடியாது, ஏமாற்ற நினைப்பவருக்கு அந்த எழுத்து தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் தேதியை 1858 என்று போட்டிருப்பார்.

“சாச்சா, இது எங்கள் மொழி, இதில் தேதி இருக்கிறது, 1958” என்றேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒரு அண்ணன் தங்கைக்குக் கல்யாணத்துக்குக் கொடுத்திருப்பார் போல என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்புறம் 1,400 கொடு என்றார். நான் பேரமே பேசவில்லை.

என் வாதம் முழுக்க அந்தத் தூக்கில் இருக்கிறது. நூற்றைம்பது வருஷம் என்று சொன்னபோது அது வெறும் பித்தளை, யாருடையது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் தெரியாது, நம்பினால் உண்டு. 1958 என்று தெரிந்தபோது அதில் ஒரு வீடு வந்துவிட்டது. தாராவியில் ஈயம் பூசுபவரிடம் கொடுத்து உள்ளே ஈயம் பூசி வாங்கினேன். வாரத்தில் இரண்டு நாள் ரசம் அதில்தான்.

ஆனால் இந்தத் தெளிவு வருவதற்கு முன்பே, இரண்டாவது சனிக்கிழமையே, 18,000 ரூபாயைத் தொலைத்திருந்தேன். கணக்குப்பிள்ளை மேசை தெரியும் இல்லையா, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதுகிற சாய்வு மேசை, மூடியைத் தூக்கினால் உள்ளே சின்னச் சின்ன அறைகள் இருக்கும். மும்பையில் முனீம் டெஸ்க் என்பார்கள். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) மார்வாடி சேட்டு ஒருவரின் கடையில் இருந்தது, நூற்றிப்பத்து வருஷம், முழுத் தேக்கு என்றார்கள். கறுப்பேறிய மரம், அங்கங்கே மைக்கறை, பித்தளைப் பட்டை. டெம்போவுக்கு 900 கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கால் ஒன்று ஆடுகிறது என்று தாராவியிலிருந்து ஆசாரி அண்ணனை வரச் சொன்னேன். திருநெல்வேலிப் பக்கம், அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு மரவேலை அவர்தான். மேசையைக் கவிழ்த்துப் போட்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

“ஏம்மா, நூறு வருஷத்துக்கு முந்தி ஸ்டார் ஸ்க்ரூ ஏது?”

அடிப்பலகையில் நான்கு மூலையிலும் ஸ்டார் ஸ்க்ரூ. நட்சத்திரக் குறி போட்ட அந்த ஸ்க்ரூ உலகத்திலேயே 1930-களில்தான் புழக்கத்துக்கு வந்தது. சரி, பிறகு யாராவது ரிப்பேர் செய்திருக்கலாமே என்று நான் இழுத்தேன். அவர் பின்பலகையின் ஓரத்தை நகத்தால் கீறிக் காட்டினார், அடுக்கடுக்காகப் பிளைவுட். மேலே தடவியிருந்த கறுப்பைத் துணியால் தேய்த்தார், துணியில் பூட் பாலிஷ் வாசனை. மேல்மூடி மட்டும் ஏதோ பழைய கதவிலிருந்து அறுத்த தேக்கு. “மரம் பழசுதாம்மா, மேசை போன வருஷத்து மேசை” என்றார். கடையில் போய்க் கேட்டதற்கு, பில்லில் ‘வுடன் டெஸ்க்’ என்றுதானே எழுதியிருக்கிறோம் என்றார்கள். உண்மை, அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அதற்குப் பிறகு வயது, மரம், ரிப்பேர் விவரம் இவற்றில் தெரிந்ததைப் பில்லில் எழுதித் தராத கடையில் 2,000 ரூபாய்க்கு மேல் மரச்சாமான் வாங்குவதில்லை.

அன்று ஆசாரி அண்ணன் எனக்கு நடத்திய பாடத்தை அப்படியே தருகிறேன், இது எந்தக் கடையிலும் உதவும். சாமானின் முகத்தைப் பார்க்காதே, முதுகைப் பார். இழுப்பறையை முழுக்க வெளியே உருவு. மூலையில் பலகைகள் புறாவால் மாதிரி ஒன்றில் ஒன்று கோத்திருந்தால், அந்தக் கோப்பு ஒவ்வொன்றும் கொஞ்சம் கூடக் குறைய இருக்கவேண்டும், கையால் வெட்டியது அப்படித்தான் இருக்கும், அச்சடித்த மாதிரி ஒரே அளவில் இருந்தால் மெஷின். அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவு, இழைப்புளி ஓடிய இடம் லேசாக மேடு பள்ளமாகத் தெரியும். வட்ட மேசையாக இருந்தால் டேப் வைத்து இரண்டு பக்கமும் அள. மரம் நீளவாக்கில் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும், அதனால் நிஜமாகவே பழைய வட்ட மேசை இப்போது சரியான வட்டமாக இருக்காது. ஓட்டைகள் இருந்தால் தட்டிப் பார், வெளிறிய மாவு கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே குடியிருக்கிறது, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் கட்டிலையும் சேர்த்துத் தின்னும். கடைசியாக, கைப்பிடி பிடிக்கிற இடத்திலும் கால் படுகிற இடத்திலும்தான் தேய்மானம் இருக்கவேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அடிபட்டிருந்தால் சங்கிலியால் அடித்துப் பழசாக்கியது.

இந்தப் பாடத்தோடு ஓஷிவாரா போனோம். ஜோகேஸ்வரி மேற்கில் வரிசையாக மரச்சாமான் கடைகள், ஷெட்டுகள், தூசி, ரம்பச் சத்தம். சோர் பஜார் மாதிரி கதை சொல்லும் கலை இங்கே குறைவு. பாதிக்குப் பாதி புதிதாகச் செய்து பழைய சாயம் ஏற்றியவை, கேட்டால் ஒளிக்காமல் சொல்லியும் விடுகிறார்கள். எனக்கு மும்பையில் மரச்சாமானுக்கு இந்த இடம்தான் பிடித்தது.

அங்கேதான் என் ஷோகேஸ் கிடைத்தது. 42 இன்ச் அகலம், முனைகள் எல்லாம் வளைவு, முன்னால் வளைந்த கண்ணாடி, பக்கவாட்டில் மூன்று கோடுகள். பார்த்தவுடனேயே மாட்டுங்கா ஞாபகம் வந்துவிட்டது. 1930-களிலும் 40-களிலும் மாட்டுங்கா, தாதர் பக்கம் கட்டிய ஆர்ட் டெக்கோ பாணிக் கட்டடங்களின் பால்கனி இதே வளைவுதான், இதே மூன்று கோடுதான். அந்தக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக, இடித்துப் புதிதாகக் கட்டுகிற ரீடெவலப்மென்டுக்குப் போகின்றன, உள்ளே இருந்த சாமான் லாரியேறி ஓஷிவாராவுக்கும் மட்டன் ஸ்ட்ரீட்டுக்கும் வருகிறது. என் வாழ்க்கையில் முதல் இருபது வருஷம் அப்படி ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் போனது. அந்த மரச்சாமானை இனி காப்பாற்றப் போவது யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவதுதான்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, கடைக்காரர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. நூறு வருஷத்துக்கு முந்தைய நல்ல மரச்சாமான் பங்களாவுக்கும் அரண்மனைக்கும் செட்டிநாட்டு வீட்டுக்கும் செய்தது. பம்பாய் பிளாக்வுட் என்று 19-ஆம் நூற்றாண்டில் இங்கேயே ஈட்டி மரத்தில் செதுக்கிய நாற்காலிகள் உண்டு, இண்டு இடுக்கெல்லாம் பூவும் கொடியுமாக. ஒன்றை எங்கள் ஹாலில் போட்டால் நாங்கள் வாசலில் நிற்கவேண்டும். டெக்கோ காலத்துச் சாமானோ பம்பாய் ஃபிளாட்டுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. லிஃப்டில் போகும், ஜன்னலை மறைக்காது. அதோடு மரம் பர்மா தேக்கு. மியான்மார் 2014-இல் உருட்டு மரம் ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்டது. இன்று அந்தத் தரத்தில் புதிதாக ஒன்று செய்யச் சொன்னால் ஆசாரி அண்ணன் சிரிக்கிறார். ஷோகேஸ் 21,000, பாலிஷுக்கு 3,500. வயது கேட்டதற்குக் கடைக்காரர், “எழுபது இருக்கலாம், எண்பது இருக்கலாம், பில்லில் தேக்கு என்று மட்டும் எழுதித் தருகிறேன்” என்றார். அந்த நேர்மைக்காகவே இன்னொரு ஸ்டூலும் அங்கே வாங்கினேன்.

விதிவிலக்கு என்று சொன்னேனே, அது ரவி வர்மா அச்சுப்படம். ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார், பிறகு அது லோனாவாலா பக்கம் போனது. நம் தாத்தா பாட்டி வீட்டுப் பூஜை அறைகளில் லட்சுமியும் சரஸ்வதியும் வந்து உட்கார்ந்தது அந்த அச்சகத்தால்தான். மட்டன் ஸ்ட்ரீட்டில் இவற்றின் நகல் 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது, டீத்தண்ணீரில் முக்கிப் பழுப்பாக்கிப் பழைய ஃபிரேமில் போட்டு 5,000 சொல்வதும் உண்டு. கையில் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கொண்டுபோங்கள். இப்போதைய அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்காக வரிசை கட்டி நிற்கும். பழைய கல் அச்சில் அந்த ஒழுங்கு இருக்காது, மணல் தூவின மாதிரி புள்ளிகள் தாறுமாறாக, நிறத்தின் மேல் நிறமாகக் கிடக்கும். நான் வாங்கிய லட்சுமியின் புடவைக் கரையில் யாரோ நிஜ ஜரிகைத் துண்டை வெட்டி ஒட்டி, நகைக்குச் சம்கி தைத்திருக்கிறார்கள். ஓரத்தில் தண்ணீர்க் கறை உண்டு, அச்சகத்தின் பெயர் அடியில் படிக்க முடிகிறது. 5,500. நூறு தாண்டியதா, தொண்ணூறா என்று நான் கேட்கவில்லை.

பழைய சாமி விக்கிரகம் மட்டும் வேண்டவே வேண்டாம். நூறு வருஷம் தாண்டிய சிலைகளைத் தொல்பொருள் துறையில் பதிந்திருக்கவேண்டும், விற்பவருக்கு லைசென்ஸ் வேண்டும், நாட்டுக்கு வெளியே கொண்டுபோகவே முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-இல் திரும்பி வந்ததை நாம் எல்லோரும் பேப்பரில் படித்தோம். எந்த ஊர்க் கோயில் சாமியோ, நம் ஹாலில் அழகுக்கு வைக்கிற சாமான் கிடையாது அது. தந்தமும் அப்படித்தான், எவ்வளவு பழசு என்று சொன்னாலும் வாங்குவது குற்றம்.

வாங்காவிட்டாலும் நிஜ ஆன்டிக் எப்படி இருக்கும் என்று கண் பழக வேண்டுமானால் பைக்குல்லாவில் டாக்டர் பாவ் தாஜி லாட் மியூசியம் போய் வாருங்கள், 1872-இல் திறந்தது, புதன்கிழமை விடுமுறை. கடைதான் பார்க்கவேண்டும் என்றால் கொலாபாவில் ரீகல் தியேட்டர் பக்கம் ஃபிலிப்ஸ் ஆன்டிக்ஸ் 1860-இலிருந்து இருக்கிறது. நான் அங்கே பார்த்ததோடு சரி.

இனி துணி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நூறு வருஷத் துணியை வாங்கலாம், உடுத்த முடியாது. பார்சிக்காரர்கள் வீடுகளில் ‘காரா’ என்று சீனப் பட்டில் கொக்கும் பூவுமாகக் கையால் தைத்த புடவைகள் உண்டு. ஒரு பார்சிப் பாட்டி தன் பாட்டியுடையதை எனக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். தொடுவதற்கே பயமாக இருந்தது, கட்டினால் இடுப்பில் கிழிந்துவிடும். அது மியூசியத்துக்கும் பெட்டிக்கும் உரியது.

நாற்பது, ஐம்பது வருஷத்துக் காஞ்சிபுரம் வேறு கதை. கட்டலாம், கல்யாணத்துக்குப் போகலாம், இன்றைக்குக் கடையில் அதே கனமும் அதே ஜரிகையும் கேட்டால் விலை எங்கேயோ போகும். எனக்கு இதில் ஒரு வருத்தமும் உண்டு. என் பாட்டியின் அரக்குக் கலர் ஒன்பது கஜம், மயில்கண் கரை, கும்பகோணத்தில் தெருவில் கூவிக்கொண்டு வந்த ஜரிகைக்காரரிடம் அம்மா எடைக்குப் போட்டுவிட்டார். அவர்கள் அதை எரித்து வெள்ளியைப் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அப்போது அம்மாவுக்குப் பணம் தேவைப்பட்டது, குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் புடவை மாதிரி எத்தனை புடவை அப்படி அடுப்பில் போயிருக்கும்.

அதனால்தான் இப்போது பழைய பட்டை யாராவது விற்கிறார்கள் என்றால் நான் ஓடுகிறேன். பார்க்கவேண்டிய இடம் மூன்று. முதலில் மடிப்பு. வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்த பட்டு அந்தக் கோட்டில்தான் இற்றுப்போகும். ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மடிப்புக்கு இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பாருங்கள், நூல் விலகினால் வேண்டாம். அடுத்தது ஜரிகை. முந்தியின் ஓரத்தில் ஒரு இழையை உருவி, நகத்தால் சுரண்டினால் மேலே தங்கப் பூச்சு, அதன் கீழ் வெள்ளி, நடுவில் சிவப்புப் பட்டு நூல் தெரியவேண்டும். செம்பு தெரிந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள், பிளாஸ்டிக் மாதிரி இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடைசியாகக் கரை. உடலும் கரையும் சேரும் இடத்தில் புடவையைத் திருப்பினால் ரம்பப் பல் மாதிரி நூல்கள் ஒன்றை ஒன்று கோத்திருக்கும், கோர்வை என்பது அதுதான், இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது.

மாட்டுங்காவில் தெரிந்த மாமி ஒருவர் பெங்களூருக்கு மகன் வீட்டோடு போகிறார் என்று பெட்டியைக் காலி செய்தபோது எம்.எஸ். புளூவில் ஒன்று, மாம்பழக் கலரில் பச்சைக் கரை போட்டது ஒன்று, இரண்டும் சேர்த்து 9,000-க்குக் கொடுத்தார். “வெயில்ல காயப்போடாதே, மூணு மாசத்துக்கு ஒரு தடவை மடிப்பை மாத்து, அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது” என்று மூன்று தடவை சொன்னார். வாங்கியதில் எனக்கு மிகவும் சந்தோஷம் தந்தது இதுதான். அதே மாதம் ஆன்லைனில் ஒரு கடையில் ‘அரிய வின்டேஜ் காஞ்சிபுரம்’ என்று 4,200-க்கு வாங்கியதில் கோர்வையும் இல்லை, வெள்ளியும் இல்லை, பாலியஸ்டர் கலப்பு, பத்து வருஷம்கூட ஆகியிருக்காது. பழைய துணிக்கு ரிட்டர்ன் கிடையாது என்று பதில் வந்தது. துணியைத் தொடாமல் வாங்காதீர்கள், முடியாவிட்டால் மடிப்பையும் கரையின் பின்பக்கத்தையும் வீடியோ கேளுங்கள்.

ரவிக்கை, சட்டை பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழைய அளவுகள் நமக்குச் சேராது, பிரித்துத் தைக்க உள்மடிப்பில் துணி இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான். ஃபேஷன் ஸ்ட்ரீட்டில் கிடைப்பது எக்ஸ்போர்ட் மிச்சம், அதை வின்டேஜ் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கைக்கடிகாரத்துக்கு ஒரு எச்சரிக்கை. வீட்டுக்காரருக்கு எச்.எம்.டி. ஜனதாதான் வேண்டும், அவர் அப்பா கட்டியது, சாவி கொடுக்கிற ரகம். பெங்களூரில் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-இல் தொடங்கி, 2016-இல் மூடிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவு தயாரித்தது. மட்டன் ஸ்ட்ரீட்டில் தட்டு நிறைய எச்.எம்.டி. கிடைக்கிறது, பச்சை, ஊதா, ஆரஞ்சு என்று கம்பெனி கனவிலும் போடாத நிறங்களில். பழைய மெஷினுக்குப் புது முகப்பு அச்சடித்து மாட்டியவை, சேகரிப்பவர்கள் இதற்கு மும்பை ஸ்பெஷல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்து ஓரம் பிசிறடித்திருக்கிறதா, விநாடிக் கோடுகள் ஒரே தூரத்தில் இருக்கின்றனவா என்று அதே லென்ஸில் பாருங்கள். கடைசியில் நாங்கள் மாமனாருடைய பழைய கடிகாரத்தையே ஊரிலிருந்து வரவழைத்து, 700 ரூபாயில் சுத்தம் செய்து வாங்கிவிட்டோம். நிமிஷம் தவறாமல் ஓடுகிறது.

மட்டன் ஸ்ட்ரீட்டுக்குப் போகிறவர்கள் பதினொரு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன் பாதிக் கடை திறந்திருக்காது. டேப், லென்ஸ், ஒரு சின்னக் காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் ஒட்டினால் அது பித்தளை இல்லை, இரும்பின் மேல் பூச்சு. லிஃப்ட் கதவின் அகலத்தை முதலிலேயே அளந்து வையுங்கள், எங்களுடையது 31 இன்ச், அதனால் நல்ல அலமாரி ஒன்றை விட்டுவிட்டு வந்தோம். சொல்லும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கேட்க ஆரம்பித்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

அப்புறம் ஒன்று. 12-6-58 அன்று உங்கள் வீட்டில் பாட்டிக்கோ அத்தைக்கோ கல்யாணம் நடந்து, பெயர் க.மீ. என்று தொடங்கி, அவருக்கு ஒரு அண்ணன் இருந்திருந்தால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தூக்கைக் கொடுத்துவிடுகிறேன். அதன் மூடி ஒருவேளை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.